வெறும் தங்கம்

அந்த ஆராய்ச்சி மையத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி, வாசல் காவலாளி முதல் டைரக்டர் வரை எல்லோருக்கும் அவள் 'மூச்சுவிடாதே மேடம்'.

அவளுடைய அறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்கும் வார்த்தை அதுதான். அறை நடுவே, ஒரு அலமாரியைப் படுக்கவைத்தது போல இருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஓடும். ஒரு உலோகத் தகட்டின் மேல் சாய்வாக விழுந்து, பட்டுத் திரும்பும். தகட்டின் மேல் ஏதாவது மூலக்கூறு ஒட்டியிருந்தால், தனக்குப் பிடித்த அலையை மட்டும் விழுங்கிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். கணினி அதைத் தலைகீழாக்கிச் சிகரமாகத் திரையில் வரையும். எந்த இடத்தில் சிகரம் என்று பார்த்து, தகட்டில் என்ன ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் பக்கத்தில் நிற்கிறவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும். மூச்சிலிருக்கும் கரியமில வாயுவும் ஒளியை விழுங்கும். திரையில் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குன்று போல ஒரு மேடு முளைக்கும். அதனால்தான், "மூச்சு விடாதே!"

இருபது வருடமாக இதே அதட்டல். அவள் அளந்து சொன்னால் அது முடிவு. "மேடம் பாத்துட்டாங்களா? அப்ப சரி" என்று மறுபேச்சில்லாமல் போவார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

அதே மையத்தில், மாடியில் இருந்த மின்வேதியியல் பிரிவில் அவளுடைய நாத்தனார் வேலை பார்த்தாள். கணவனின் ஒரே தங்கை. வாயாடி. குடிநீரில் ஈயம் கலந்திருந்தால் கண்டுபிடிக்கும் ஒரு சில்லைச் செய்துகொண்டிருந்தாள். நகத்தளவு தங்கத் தகடு. அதன் மேல் வளைய வடிவ மூலக்கூறு ஒன்றை ஒரே ஒரு அடுக்காகப் பூச வேண்டும். தண்ணீரில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அந்த மூலக்கூறு ஈயத்தைப் பிடிக்கும். மீட்டர் முள் அசையும்.

ஆனால் முள் சோம்பேறித்தனமாக அசைந்தது. பூச்சு ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தது. சில்லு கீழ்த்தளத்துக்கு, அண்ணியின் அறைக்கு வந்தது.

அவள் அளந்தாள். பூசாத தகடு ஒன்று, பூசிய தகடு ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூச்சு மட்டும் சிகரமாக மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. திரையில் ஒரு கோடு, இஸ்திரி போட்ட மாதிரி நேராகப் போனது.

மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் டைரக்டர் கேட்டார். "என்ன மேடம், பூச்சு இருக்கா?"

"இல்ல சார். வெறும் தங்கம்."

மேசையின் எதிர்ப்பக்கம் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அண்ணி... மேடம், நான் என் கையாலதான் பூசினேன். இன்னொரு தடவை வேணா பாருங்களேன்."

"ஒளிக்கு அண்ணி, நாத்தனார்னு உறவெல்லாம் தெரியாதும்மா. இருந்தா காட்டும். இல்லன்னா காட்டாது." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "வெறும் தங்கத்தை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் எல்லாருக்கும் படம் காட்டினதும் ஒரு திறமைதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டைரக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொந்தக்காரங்கன்னுகூடப் பாக்கல பாருங்க! இதான் மேடம்!" என்று பாராட்டினார்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரமே அவளைக் கண்ணாடிப் பாத்திரக் கிடங்குக்கு மாற்றினார்கள். சில்லுத் திட்டத்தை மூடுவதா வேண்டாமா என்று அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். மூடுவது என்பதுதான் முடிவு என்று எல்லோருக்கும் தெரியும்.

எக்ஸ்ரே சார் மட்டும் மாடிப்படியில் மேடத்தை நிறுத்தினார். பக்கத்து அறையில் எக்ஸ்ரே கருவியைப் பார்த்துக்கொள்கிறவர். "என்ன மேடம், நாத்தனாரை வறுத்து எடுத்துட்டீங்க? வீட்ல ஏதாவது தகராறா?"

"வேலை வேற, வீடு வேற சார்" என்றாள் அவள் விறைப்பாக.

பொய். அந்தக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். நாத்தனார் தட்டும் கையுமாக நின்றுகொண்டு, "எங்க அண்ணன் ஏன் இப்படி இளைச்சுப் போனார்னு கேக்கறீங்களா? இந்த வீட்ல மூச்சு விடறதுக்கே அண்ணிகிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணும்!" என்றாள். வீடே அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள் கணவன். அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தது.

*

புதிதாக ஒரு கண்ணாடிக் குடுவை வந்திறங்கியது. மின்முனையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே அகச்சிவப்பில் பார்ப்பதற்கானது. தகட்டை ஒரு படிக ஜன்னலோடு ஒட்டி அழுத்திவிட வேண்டும். நடுவில் முடியைவிட மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இருக்கும். ஒளி ஜன்னல் வழியாகப் போய்த் தகட்டில் பட்டுத் திரும்பும். பழைய குடுவை இருந்ததுதான்; ஆனால் அதைப் பொருத்தி, ஒழுகாமல் சரிசெய்ய அரை நாள் போகும் என்று அவள் அதைத் தொடுவதே இல்லை.

புதியதைச் சோதித்துப் பார்க்க ஒரு சுத்தமான தங்கத் தகடு தேவைப்பட்டது. மேசை இழுப்பறையில் நாத்தனாரின் சில்லு கிடந்தது. வெறும் தங்கம்தானே? தண்ணீரில் அலசிப் பொருத்தினாள்.

மத்தியான வெயில் திரைச்சீலைக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் ஒரு படம் எடுத்தாள். பிறகு மின்னழுத்தத்தை ஏற்றி இன்னொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தாள். மாறியது மட்டும் திரையில் மிஞ்சும். வெறும் தங்கத்தில் மாற என்ன இருக்கிறது?

திரையில் ஒரு சிகரம் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. சற்றுத் தள்ளி மூன்றாவது.

'அழுக்கு' என்று நினைத்தாள். 'யாரோ கிரீம் தடவின கையால தொட்டிருக்காங்க.' பிறகுதான், அந்த இழுப்பறையின் சாவி தன்னிடம் மட்டுமே இருப்பது நினைவுக்கு வந்தது. 'மூச்சாக இருக்குமோ?' மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அளந்தாள். நெஞ்சு வலித்தது. சிகரங்கள் அசையவில்லை. தவிர, மூச்சின் இரட்டைக் குன்று முளைக்கும் இடமே வேறு.

மின்னழுத்தத்தை இறக்கினாள். சிகரங்கள் அமுங்கிப் போயின. ஏற்றினாள். எழுந்தன. வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பதும், வெளியே போனால் உட்கார்ந்துவிடுவதும் போல.

எழுந்து நிற்பது.

அவள் கை மவுஸ் மேலேயே உறைந்தது.

ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் பாடம் எடுப்பாள். மேசை மேல் உள்ளங்கையை நட்டுக்குத்தாக நிறுத்தி, "உலோகத்து மேல மூலக்கூறு இப்படி நின்னா அகச்சிவப்புக்குத் தெரியும்" என்பாள். பிறகு கையை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, "இப்படிப் படுத்துட்டா நமக்கு வேண்டிய சிகரங்கள் தெரியாது. உலோகம் மறைச்சுடும். அதனால ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் கிடையாது. படுத்திருக்கான்னு பாத்துட்டுத்தான் வாயைத் திறக்கணும்" என்பாள். வளைய மூலக்கூறு என்றால் படுத்துக்கொள்ளும் சோம்பேறி ஜாதி என்று ஒரு நகைச்சுவையும் உண்டு. எல்லோரும் சிரிப்பார்கள்.

அது நாத்தனாரின் பூச்சுதான். முழுசாக, ஒழுங்காக, ஒரு அடுக்காக அங்கேயேதான் இருந்தது. படுத்திருந்தது. படுத்திருந்ததால்தான் ஈயத்தைப் பிடிக்கவும் முடியவில்லை. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வேலை செய்தால் சில்லு உயிர் பெற்றுவிடும்.

காது மடல் சுட்டது. அறையில் யாரும் இல்லை. இருந்தும், யாரோ பார்ப்பதுபோல அவள் சட்டென்று திரையை அணைத்தாள்.

*

சாயங்காலம் வீட்டில் கணவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். பள்ளியில் கணக்கு வாத்தியார்.

"உங்க தங்கச்சி ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல?" அவள் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"யாரு, பொடிசா? நேத்துகூட ஃபோன் பண்ணினா."

"என்னைத் திட்டியிருப்பா."

அவன் பேனாவை மூடினான். "திட்டியிருந்தாத் தேவலையே. 'அண்ணி பாத்துச் சொன்னா சரியாத்தான்ண்ணா இருக்கும். நான்தான் ஏதோ ஒரு படியை விட்டுட்டேன்போல. எதைன்னுதான் தெரியல'ன்னு சொல்றா. கிடங்குல உக்காந்து, மருந்து எப்படிக் கலந்தேன், எப்படித் துடைச்சேன்னு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்காளாம். சரியாத் தூங்கறதே இல்லையாம்."

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள், குடிக்காமலேயே வைத்தாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க திருத்துங்க."

நாத்தனார் கத்தியிருந்தால், பதிலுக்குக் கத்தியிருக்கலாம். 'அண்ணி பொறாமை பிடிச்சவ' என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தால் கொஞ்சம் சுலபமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் நாத்தனார் நம்பிவிட்டாள். தன் கையைவிட, அண்ணி திரையில் பார்த்த நேர்கோட்டை நம்பிவிட்டாள். அதுதான் சுட்டது.

*

காலையில் முதல் வேலையாக, சிகரங்களை அச்செடுத்துக்கொண்டு எக்ஸ்ரே சாரிடம் போனாள். அவர் சிகரங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"இதுக்கு ஏன் மேடம் முகம் இப்படி வெளிறிக் கிடக்கு? 'புதிய குடுவையில் நடத்திய கூடுதல் ஆய்வில் பூச்சு இருப்பது தெரியவந்துள்ளது'. ஒரே வரி. யார் தலையிலும் விழாது. போன தடவை இந்தக் குடுவை இல்லையே!"

"பழசு இருந்துச்சே சார்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சா என்ன? நீங்களா போய் உங்களைக் காட்டிக்குடுக்கப் போறீங்க?" அவர் சிரித்தார். "இருபது வருஷப் பேரு மேடம். ஒரு வாக்கியத்துல காப்பாத்திக்கலாம். யோசிங்க."

அவள் யோசித்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை: அந்த வாக்கியத்தைத் தட்டச்சுக்கூடச் செய்தாள். 'தெரியவந்துள்ளது.' எத்தனை வழவழப்பான சொல்! தெரியாமல் போனது யாரால் என்று கேட்கவே கேட்காது. அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தாள். கிடங்கில் உட்கார்ந்து, எந்தப் படியை விட்டோம் என்று தேடிக்கொண்டிருக்கும் முகம் நடுவில் வந்து நின்றது.

அழித்துவிட்டுக் கிடங்குக்கு நடந்தாள்.

நாத்தனார் ஸ்டூல் மேல் நின்று குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் அவசரமாக இறங்கினாள். வழக்கமான குறும்பு எதுவும் முகத்தில் இல்லை.

"சொல்லுங்கண்ணி. ஏதாவது வேணுமா?"

அந்தப் பணிவு அவளை அறைந்தது. "கொஞ்சம் கீழ வாயேன்."

அறைக்குள் நுழைந்ததும் நாத்தனார், யாரும் சொல்லாமலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அண்ணி மின்னழுத்தத்தை ஏற்றினாள். சிகரங்கள் எழுந்தன. இறக்கினாள். விழுந்தன. மறுபடி ஏற்றினாள்.

நாத்தனார் மூச்சை விட்டுவிட்டாள். "இது... இது என்னோட மூலக்கூறாச்சே. எந்தச் சில்லு இது?"

"அன்னிக்கு நான் வெறும் தங்கம்னு சொன்னேனே, அது."

நாத்தனார் திரையையும் சில்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படுத்திருந்துச்சா?"

"ம்."

"நீங்க பாக்கலையா?"

"பாக்கல."

"பாடம் நடத்தறதே நீங்கதானேண்ணி! நான் சேர்ந்த வருஷம் கையை நட்டு வெச்சு, படுக்க வெச்சு..." நாத்தனாரின் குரல் உடைந்தது. "நான் என் கையையே நம்பறதில்ல இப்போ. தெரியுமா உங்களுக்கு? அடுப்பை அணைச்சேனான்னு எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன். கதவைப் பூட்டினேனான்னு பாதி வழியில திரும்பி வர்றேன்."

"மன்னிச்சுடும்மா."

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? யாரும் இல்லாத அறையில நீங்களும் நானும்!" புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "அன்னிக்கு எத்தனை பேர் சிரிச்சாங்க? அத்தனை பேரும் இருக்கணும். அங்க சொல்லுங்க."

*

கூட்டத்தில் அதே முகங்கள். அதே மேசை. நாத்தனார் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சில்லுத் திட்டம்... மூடிடலாம்தானே?" என்று டைரக்டர் ஆரம்பித்தார்.

அவள் எழுந்தாள். மேசை மேல் உள்ளங்கையை நிறுத்தினாள். பிறகு படுக்கவைத்தாள்.

"பூச்சு இருக்கு சார். ஆரம்பத்துலேர்ந்தே இருந்துச்சு. படுத்திருந்ததால எனக்குத் தெரியல. தண்ணிக்குள்ள வெச்சு மின்னழுத்தம் ஏத்திப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். குடுவை இருந்துச்சு. நான் பாக்கல. தப்பு என்னோடது. அவங்க செஞ்சதுல ஒரு குறையும் இல்ல."

திரையில் சிகரங்களைக் காட்டினாள். எந்த மின்னழுத்தத்தில் சில்லு வேலை செய்யும் என்பதையும் சொன்னாள். டைரக்டர் முன்னால் சாய்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப திட்டம் பிழைச்சுக்கிச்சுன்னு சொல்லுங்க! மேடம், இந்தக் காலத்துல தன் தப்பைத் தானே வந்து ஒத்துக்க யாரு இருக்கா? இதுக்கு ஒரு பெரிய மனசு வேணும்!"

அவர் கை தட்டினார். எக்ஸ்ரே சார் தட்டினார். மேசை முழுக்கக் கைதட்டல் பரவியது. யாரோ, "மேடம்னா மேடம்தான்!" என்றார்.

கடைசி நாற்காலிப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. நாத்தனார் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் அவளைத் தாண்டி, அவள் அங்கே இல்லாதது போல, மேசையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

எழுந்து நின்றிருந்த அவள் அதைப் பார்த்தாள். அன்றைக்குச் சிரித்ததும் இவர்கள்தான். அன்றும் பெயர் வாங்கியது அவள்தான், இன்றும் பெயர் வாங்குவது அவள்தான்!

"தட்டாதீங்க." யாருக்கும் கேட்கவில்லை. "தட்டாதீங்கன்னா!"

கைதட்டல் நின்றது.

"தெரியாம நடந்த தப்புன்னா நீங்க தட்டலாம். வளைய மூலக்கூறுன்னா சந்தேகப்படணும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கோடு நேராப் போனதைப் பாத்ததும் எனக்கு..." திரையிலிருந்த சிகரங்களைப் பார்த்தபடி சொன்னாள். "சந்தோஷமா இருந்துச்சு. வீட்ல இவ என்னை வெச்சு ஒரு கேலி பண்ணியிருந்தா. சின்னக் கேலி. அதுக்கு இங்க, உங்க எல்லார் முன்னாலயும் வட்டியோட குடுத்தேன். அதனாலதான் திருப்பிப் பாக்கல. பாத்து, பூச்சு இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துதான் பாக்கல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முகத்திலிருந்த மலர்ச்சி போயிருந்தது.

"சரி. திட்டம் தொடரட்டும், பழைய பொறுப்பு அவங்களுக்கே. அப்புறம் மேடம்... இனிமே உங்க அறையிலேர்ந்து வர்ற முடிவுகளை இன்னொருத்தரும் ஒரு தடவை பாத்துடட்டும். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல சார்."

வெளியே மாடிப்படியில் எக்ஸ்ரே சார் அவளைக் கடந்து போனார். இந்த முறை நிறுத்திக் கேட்கவில்லை.

*

அந்த வாரம் முழுக்க அவள் அறைக்கு யாரும் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்த மேசையில் பேச்சு தாழ்ந்தது. வீட்டில் எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள். அவன், "அன்னிக்கு நானும் அவ்வளவு சத்தமாச் சிரிச்சிருக்க வேண்டாம்" என்றான். அந்த ஆறுதலை அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவன் சிரித்தது சிரிப்பு மட்டும்தான்; அவள் செய்தது பழிவாங்கல்.

வார முடிவில் கதவு தட்டப்பட்டது. நாத்தனார். கையில் சின்ன டப்பா.

"புதுசாப் பூசினது. பாக்கணும்."

"குடுத்துட்டுப் போம்மா. எக்ஸ்ரே சாரையும் வெச்சுக்கிட்டுப் பாக்கறேன்."

"நானும் இருப்பேன். பக்கத்துலயே நிப்பேன்." ஸ்டூலை இழுத்துக் கருவிக்கு அருகிலேயே போட்டு உட்கார்ந்தாள். "அப்புறம், அந்தக் கேலிக்கெல்லாம் நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். அது நிஜம்."

"நிஜம்தான்."

"கோவம் போயிடுச்சுன்னும் நெனைக்காதீங்க."

"நெனைக்கல."

அவள் சில்லைப் பொருத்தினாள். மின்னழுத்தம் ஏறியது. திரையில் கோடு நகர ஆரம்பித்தது. நாத்தனார் முன்னால் குனிந்து, திரையையே பார்த்தபடி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

சிகரங்களிலிருந்து தள்ளி, ஒரு ஓரத்தில், இரட்டைக் குன்று மெல்ல முளைத்தது.

அதட்டல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். நிமிர்ந்து நாத்தனாரின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை. அந்தக் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழிக்கவில்லை.